கடைக்காலும் தூணும்

(ஊராட்சி ஒன்றிய அலுவலக வளாகத்தில், வீட்டு வசதித் திட்டப் பயனாளிகளுக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் நடைபெற்ற ஒரு நாள் பயிற்சியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)





வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வந்தவர் வண்ணத்தைப் பற்றியோ தரைக் கல்லைப் பற்றியோ ஏதேனும் சொல்லுவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் சற்று ஏமாற்றமடையக்கூடும். இன்று நான் பேச விரும்புவது இரண்டே பொருள்களைப் பற்றி. ஒன்று, மண்ணுக்குள் மறைந்து போகும் கடைக்கால். மற்றொன்று, மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் தூண். கணக்குப் போட்டு அளவு சொல்லும் வேலை நம் உதவிப் பொறியாளருடையது. அதில் நான் தலையிடப் போவதில்லை. வீட்டுக்குரியவர் தம் கண்ணால் பார்க்கக் கூடியதும், வாய் திறந்து கேட்க வேண்டியதுமான சில விஷயங்களை மட்டுமே உங்கள் முன் வைக்கிறேன்.

2024 ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டுக்கு அரசு 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்குகிறது. அத்தொகையோடு நின்றுவிடும் குடும்பங்கள் மிகச் சில. நகையை அடகு வைத்தும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும், முன்புறம் ஒரு போர்டிகோ, பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு, பின்னாளில் மேல்மாடி எழுப்புவதற்காகத் தளத்துக்கு மேலே நீட்டி விட்ட கம்பிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொள்கிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்கு இந்த உதவி ஒரு முறைதான் கிடைக்கும். மூன்றாவது மழைக்காலத்தில் சுவர் பிளந்தால் அதைச் சீர்படுத்த இன்னொரு திட்டம் வரப்போவதில்லை. அடகு வைத்த நகையும் அதற்குள் மீண்டிருக்காது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் வாழ்பவர்களுக்குக் கரிசலின் இயல்பை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசியில் காலை உள்ளே இழுத்துக் கொள்ளும் அதே மண், சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பெய்த மழையை நெடுநாள் உள்ளடக்கி வைப்பதால்தான் பருத்தியும் கம்பும் உளுந்தும் மானாவாரியாக விளைகின்றன. பயிருக்கு வரமான அந்தக் குணமே கட்டடத்துக்குச் சாபமாகிறது. கரிசலில் உள்ள களித் துகள்கள் மிக மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டவை. மான்ட்மோரிலோனைட் என்பது அந்தக் களியின் பெயர். நீர் அந்த ஏடுகளுக்கிடையே புகுந்து அவற்றை அகற்றுகிறது. வறட்சியில் நீர் நீங்க, ஏடுகள் மீண்டும் நெருங்குகின்றன. வயலில் ஆண்டுக்கொரு முறை நடைபெறும் இந்த ஏற்ற இறக்கம் உங்கள் வீட்டுச் சுவரின் அடியிலும் நடைபெறுகிறது.

மேசைமீது இரண்டு கண்ணாடிக் குடுவைகள் வைக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டிலும் இந்த வளாகத்தில் எடுத்து உலர்த்திச் சலித்த மண், ஒரே அளவாக, 10 கிராம் இடப்பட்டது. ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி நேற்றுக் காலையில் வைத்தார்கள். மண்ணெண்ணெய்க்குக் களியை வீங்கச் செய்யும் ஆற்றல் இல்லை. ஆகையால் அந்த மண் போட்டபடியே அடங்கிக் கிடக்கிறது. தண்ணீரில் இட்ட மண் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உயரத்துக்குப் பொங்கி நிற்கிறது. இது இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள சோதனைதான். ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும், மண்ணின் குணம் வெளிப்பட்டுவிடும். மனை முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கிறோம், வாசலுக்குத் திசை பார்க்கிறோம். இதையும் ஒரு நாள் பார்த்துவிடலாம் அல்லவா?

இனி, பலருடைய மனத்தில் வேரூன்றிய ஓர் எண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘இது என்ன மாளிகையா? சின்ன வீடு, இரண்டடி வானம் தோண்டினால் போதாதா?’ என்று கேட்கிறார்கள். செம்மண்ணிலும் சரளையிலும் இந்தப் பேச்சு ஓரளவு செல்லும். கரிசலில் செல்லாது, அங்கே நியாயம் தலைகீழாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 80 அடி நீளச் சுவர், 10 அடி உயரம், 9 அங்குலக் கனம் என்றால் செங்கற் சுவரின் எடை சுமார் 32 டன். 300 சதுர அடிக் கான்கிரீட் தளம் 5 அங்குலக் கனத்தில் 9 டன். இவ்விரண்டும் இரண்டரை அடி அகலமுள்ள அஸ்திவாரத்தின் வழியே மண்ணில் இறங்கும்போது சதுர மீட்டருக்கு 2 முதல் 3 டன் அழுத்தமே ஆகிறது. நீர் குடித்த கரிசலோ, அதை விரியவிடாமல் தடுத்தால் சதுர மீட்டருக்கு 5 டன், 10 டன், சில இடங்களில் அதற்கு மேலும் வலிமையுடன் மேல்நோக்கித் தள்ளுகிறது. பல மாடிக் கட்டடத்தின் பாரம் இந்த வீக்கத்தை ஓரளவேனும் அடக்கி வைக்கும். நம்முடைய சின்ன வீட்டை மண் எளிதாகத் தூக்கிவிடும். கரிசலில் சிறு வீட்டுக்குத்தான் கடைக்காலில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

வீடு முழுவதையும் ஒரே சீராகத் தூக்கி ஒரே சீராக இறக்கினால்கூடக் கவலையில்லை. தெப்பம்போல் ஏறி இறங்கிக் கொண்டிருக்கும். அப்படி நிகழ்வதில்லை. வீட்டின் நடுப்பகுதி தரையால் மூடப்பட்டிருப்பதால் அங்கே ஈரம் அதிகம் மாறுவதில்லை. வெளி ஓரம் மழையில் நனைகிறது, வெயிலில் காய்கிறது. ஆகையால் ஓரச் சுவர்கள் ஏறி இறங்க, உட்சுவர் அசையாமல் நிற்கிறது. குளியலறைத் தண்ணீர் விழும் மூலை ஆண்டு முழுவதும் பொங்கி நிற்க, அதற்கு எதிர் மூலை வேப்ப மரத்தின் வேர் ஈரத்தை உறிஞ்சுவதால் அமிழ்ந்து போகிறது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, மழைக்காலத்தில் மூட மறுக்கும் கதவு, கோடையில் தானாகவே சரியாகிவிடும் அதே கதவு ஆகிய யாவும் இதன் அடையாளங்களே. கதவை இழைத்துச் சரிசெய்ய ஆசாரியை அழைப்பதற்கு முன், கடைக்கால் ஓரத்தில் நீர் எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது உத்தமம்.

செய்ய வேண்டியது என்ன? கரிசல் மூன்றடி நான்கடியோடு முடிந்து, அதன்கீழ் சுக்கானோ சரளையோ கிடைக்கும் இடங்கள் நம் ஒன்றியத்தில் நிறைய உண்டு. அங்கே அந்தக் கெட்டி மண்ணைத் தொடும் வரை வானம் தோண்டுவதே நேரான வழி. இரண்டு ஆட்கூலி மிச்சம் பிடிப்பதற்காக அரையடி மேலே நிறுத்திவிடுவது சிக்கனமாகாது. கரிசல் ஆழமாகப் போகும் இடங்களில், அடியில் குமிழ்போல் விரிந்த குழித் தூண்களை இறக்கும் முறை ஒன்று உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் நிலங்களுக்கென்றே வளர்த்துப் பரப்பிய முறை அது. கையால் சுழற்றும் துரப்பணத்தால் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரை துளையிட்டு, அடியில் மட்டும் தூணின் விட்டத்தைப்போல இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பி வைத்துக் கான்கிரீட் இடுகிறார்கள். மேல் மண் எவ்வளவு பொங்கினாலும், ஈர மாறுதல் எட்டாத ஆழத்தில் அந்தக் குமிழ் நங்கூரம்போல் பிடித்துக் கொள்கிறது. தூண்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் இடையே 3 அங்குல இடைவெளி விட வேண்டும் என்பது இதில் முக்கியம். ‘பீமுக்கு அடியில் சந்து தெரிகிறதே’ என்று நல்லெண்ணத்தோடு மண் போட்டு அடைத்துவிடும் கொத்தனார் உண்டு. பொங்கும் மண் பீமைத் தொடாமல் இருக்கத்தான் அந்தச் சந்து.

வானத்தில் மணல் கொட்டி நிரப்பும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். கரிசலுக்கு நடுவே மணல் நிரப்பிய பள்ளம் ஒரு தொட்டியாகிவிடுகிறது. சுற்றிலும் உள்ள களி நீரை வெளியே விடாது. மணல் அதை ஏந்தி வைத்துக் கொண்டு சுவருக்கடியிலேயே நாள்தோறும் ஊட்டிக் கொண்டிருக்கும். கரிசலை எடுத்துவிட்டு மாற்று மண் இடுவதானால், பொங்காத இயல்புடைய செம்மண் கலந்த சரளையை அரையடி அரையடியாகப் போட்டு, நீர் தெளித்து, திமிசு அடித்து இறுக்குவதே மேலானது. மணல் விற்கும் விலையில் இது செலவும் குறைவு.

வீடு முடிந்த பிறகும் கடைக்காலுக்குப் பாதுகாப்பு வேண்டும். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கேனும் வெளிப்புறம் சாய்வாகத் தளம் போட்டு, கூரை நீரும் குளியலறை நீரும் அப்பால் சென்று விழும்படி செய்ய வேண்டும். எல்லாப் பணமும் தீர்ந்த பிறகு கடைசியாக நினைவுக்கு வரும் வேலை இது. பெரும்பாலும் நடைபெறாமலே போகிறது. சிறிய அளவிலேனும் முதலிலேயே இதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

நிரப்பிய நிலத்தில் மனை பெற்றவர்கள் வேறொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தூர்ந்த கிணறு, பழைய ஓடை, மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பிய புறம்போக்கு ஆகிய இடங்களில் வீட்டின் ஒரு பாதி இயற்கை மண்ணிலும் மறு பாதி கொட்டிய மண்ணிலும் அமைந்துவிடும். கொட்டிய மண் ஆண்டுக் கணக்கில் அமிழ்ந்து கொண்டே போகும். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பது வரைபடத்தைவிட ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்டுக் குறித்துக் கொள்வது ஊராட்சிச் செயலரின் கடமையில் சேர்ந்ததே.

இனித் தூணுக்கு வருவோம்.

நம் ஊர்களில் எல்லாரும் அறிந்த உயரமான தூண்கள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூண்களே. 30,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் நீரின் எடை மட்டும் 30 டன். அந்தத் தூண்களை இடையிடையே குறுக்குப் பீம்கள் இணைத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவை எதற்காக? மேலே ஏறும் ஆள் நின்று இளைப்பாறுவதற்காகவோ அழகுக்காகவோ அல்ல. காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் ஈடு கொடுப்பதோடு, நெடிய தூணைச் சிறு சிறு துண்டுகளாக ஆக்கிக் கொடுப்பதும் அவற்றின் வேலை.

இதைப் புரிந்து கொள்ள ஒரு விளக்குமாற்று ஈர்க்கே போதும். இரண்டு அங்குலத் துண்டாக ஒடித்து, மேசையில் செங்குத்தாக நிறுத்தி விரலால் அழுத்துங்கள். விரல்தான் வலிக்கும், ஈர்க்கு அசையாது. அதே ஈர்க்கை ஒரு முழ நீளத்தில் நிறுத்தி அழுத்தினால் உடனே பக்கவாட்டில் வில்லாக வளைகிறது. பொருள் ஒன்றே, கனமும் ஒன்றே. முதல் துண்டு நசுங்கினால்தான் கெடும். இரண்டாவது துண்டு நசுங்குவதற்கு நெடுநேரம் முன்பே நெளிந்துவிடுகிறது. ‘சிமென்ட் நல்லது, கம்பி நல்லது, பிறகு ஏன் விழுந்தது?’ என்று திகைப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இந்த நெளிவில் இருக்கிறது.

இந்த நெளிவுக்குரிய விதியை லியோனார்ட் ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித மேதை 1744 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஒல்லியான தூணின் நீளம் இரட்டித்தால் அது தாங்கும் பாரம் பாதியாகக் குறைவதில்லை, நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உருண்டைக் கட்டையின் விட்டம் பாதியானால் தாங்கும் பாரம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். மறுபுறமாக, அந்தத் தூணின் நடுவே பக்கவாட்டில் நகராதபடி ஒரு கட்டுப் போட்டால் அதன் தாங்குதிறன் நான்கு மடங்காக உயரும். பருத்த கான்கிரீட் தூணுக்கு இந்தக் கணக்கு இதே அளவில் பொருந்தாது. அது நெளிவதற்கு முன் நசுங்கும் வகையைச் சேர்ந்தது. ஆயினும் உயரம் கூடக் கூட, மெலிவு மிக மிக, அதுவும் ஆய்லர் சொன்ன திசையிலேயே செல்கிறது. நீர்த்தொட்டியின் குறுக்குப் பீமில் கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரியுமானால், ‘தூண் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிடாமல் உடனே எழுதி அனுப்புங்கள். பீம் போனால் தூண் நீண்டுவிட்டது என்று பொருள்.

கான்கிரீட் தூண்களுக்கு இந்திய விதி எளிதாக நினைவில் வைக்கத்தக்கது. தூணின் தாங்கலற்ற உயரம், அதன் குறுகிய பக்கத்தைப்போல 12 மடங்குக்கு உட்பட்டிருந்தால் அது குட்டைத் தூண், மீறினால் நெடுந்தூண். நுனிகள் எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து அந்த உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் கணக்கிடுவார்கள். அது பொறியாளர் வேலை. தோராயமாக, 9 அங்குலத் தூணுக்கு 9 அடி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு மேல் போகும்போது பொறியாளரைக் கேட்காமல் போகாதீர்கள். இப்பொழுது ஊர்தோறும் ஒரு மோகம் பரவியிருக்கிறது. போர்டிகோவை இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கி, நடுவில் ஒரு பீமும் இல்லாமல், 9 அங்குலத் தூண்களை 18 அடி, 20 அடி என்று நிறுத்துகிறார்கள். பார்வைக்குக் கம்பீரம்தான். எனக்கென்னவோ அவற்றைப் பார்க்கும்போது அந்த ஒரு முழ ஈர்க்கே நினைவுக்கு வருகிறது. மேற்புறம் எதனோடும் பிணைக்கப்படாமல் கொடிமரம்போல் நிற்கும் தூணின் நிலை இன்னும் மோசம். அதன் உயரத்தை இரு மடங்காகக் கருதியே கணக்கிட வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கும் பேருந்து நிழற்குடைக்கும் தூண் நிறுத்துவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கம்பி கட்டும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். தூணுக்குள் நிற்கும் ஒவ்வொரு நெடுங்கம்பியும் தானே ஒரு தூண். அதுவும் மிக ஒல்லியான தூண். பாரம் ஏறும்போது அது வெளிப்புறமாக நெளிந்து, மேல் பூச்சாக இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துக் கொண்டு வர முயலும். அதைப் பிடித்து நிறுத்துவது ரிங் ஒன்றே. ஆகையால்தான் ரிங்குகளின் இடைவெளி, நெடுங்கம்பியின் விட்டத்தைப்போல 16 மடங்கையோ, தூணின் குறுகிய பக்கத்தையோ, 300 மில்லிமீட்டரையோ, இம்மூன்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். 12 மில்லிமீட்டர் கம்பி வைத்த 9 அங்குலத் தூணில் அது 192 மில்லிமீட்டர், ஏழரை அங்குலம். நடைமுறையில் ஓரடிக்கு ஒரு ரிங் என்று போட்டுவிடுகிறார்கள். இடைவெளி ஏழரை அங்குலத்திலிருந்து ஓரடியாகும்போது, ஆய்லர் கணக்கின்படி, கம்பி நெளியாமல் நிற்கும் திறன் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மிச்சமாகும் கம்பியோ ஒரு தூணுக்கு ஐந்தாறு ரிங்குகள். ரிங்கின் கொக்கி முனையை வெறும் செங்கோணமாக மடித்து விடாமல், உட்புறம் நோக்கி 135 பாகை மடித்துவிட வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துக் கொள்ளுங்கள். மேற்கான்கிரீட் உதிர்ந்தாலும் அந்தக் கொக்கி பிடியை விடாது.

தூணைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்துவது பற்றிக் கொத்தனார்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்காரர் அறிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 10 டன் பாரம் தூணின் நடுவை விட்டு ஓர் அங்குலம் விலகி இறங்கினால், தூணிலிருந்து பக்கவாட்டில் ஒரு மீட்டர் நீளக் கை நீட்டி, அதன் முனையில் 250 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான வளைவு தூணில் உண்டாகிறது. பேஸ்மட்டத்தில் கம்பி இடம் தவறி நின்றுவிட்டால், அதைச் சாய்த்து இழுத்து மேல் தூணோடு சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. பூசிவிட்ட பிறகு யாருக்கும் தெரியாது. தூணுக்கு மட்டும் தெரியும். இப்படி வளைத்த கம்பியைப் பார்த்தால் வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரை அழையுங்கள். மேல்மாடி ஆசையும் இதைச் சேர்ந்ததே. கீழ்த்தளத்துக்கு மட்டும் அமைத்த கடைக்காலின்மீது, நீட்டி விட்ட கம்பி இருக்கிறதென்பதற்காகவே இன்னொரு தளம் ஏற்றிவிட முடியாது. அந்த எண்ணம் உள்ளவர்கள் வானம் தோண்டுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை சொன்னவை வீட்டைக் கெடுப்பவை. இனிச் சொல்வது உயிரைப் பறிப்பது. தளத்துக்குக் கான்கிரீட் இடும் அந்த ஒரு நாளில்தான் நம் சிறு வீடுகளில் பேராபத்து நேருகிறது. முன்பு சொன்ன 9 டன் எடையும் அன்று நீராக, குழம்பாக, சிறிதும் சொந்த வலிமையின்றிச் சவுக்குக் கட்டைகளின்மீது உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஆட்களும் சட்டிகளும் கலவைக் குவியலும். கீழே நின்று முட்டுக்களைச் சரிபார்ப்பவரும், நிழலுக்கு ஒதுங்கும் குழந்தைகளும் உண்டு.

முட்டுக்கட்டை என்பது ஆய்லர் விதி முழுமையாகப் பொருந்தும் தூண். 4 அங்குலக் கட்டை கிடைக்கவில்லை என்று 3 அங்குலக் கட்டையை வைத்தால், தாங்குதிறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. பார்வைக்கு ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். அடிப்பக்கத்துப் பருமனைப் பார்த்து ஏமாறாமல் நுனிப் பக்கம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வளைந்த கட்டை ஏற்கெனவே நெளியத் தொடங்கிவிட்ட தூண். அதை விறகுக்கு அனுப்புவதே தகும். உயரம் போதாத இரண்டு கட்டைகளை ஆணி அடித்து ஒட்டுப் போடுவதும், அடியில் மூன்று நான்கு செங்கல்லை அடுக்கி உயரம் கூட்டுவதும் அறவே கூடாது. கட்டைகளின் நடு உயரத்தில் இரு திசைகளிலும் குறுக்குச் சட்டம் கட்டி, அதை ஒரு முனையில் சாய்வுக் கட்டையால் தரையோடும் பிணைத்துவிட்டால், அதே கட்டைகளின் வலிமை நான்கு மடங்காகிறது. இதற்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு சட்டங்களும் கொஞ்சம் கயிறும் அரை நாள் வேலையும்தான். வாடகைக்கு வரும் இரும்புக் குழாய் முட்டுக்கும் இதே விதிதான். இரும்பு என்பதால் நெளியாது என்று எண்ண வேண்டாம்.

கட்டையின் கால் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். கரிசல் மண்ணில், அதுவும் கான்கிரீட் நீர் வழிந்து நனையும் இடத்தில், வெறும் கட்டையின் முனை ஆப்புப் போல இறங்கிவிடும். ஒரு கட்டை இறங்கினால் அதன் பாரம் பக்கத்துக் கட்டைக்குப் போகிறது, அது நெளிகிறது, பிறகு அடுத்தது. கணப்பொழுதில் முடிந்துவிடுகிறது. அகலமான பலகையை அடியில் இட்டு அதன்மேல் கட்டையை நிறுத்துங்கள்.

தூண் நெளியும்போது பல சமயம் முன்னதாகவே அறிவிக்கிறது. அந்த அறிவிப்பை மதியாததால் விளைந்த ஒரு பெருங்கேட்டை உலகத்துப் பொறியாளர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். கனடா நாட்டில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கியூபெக் நகருக்கருகில் 1,800 அடி இடைவெளியைத் தாண்டும் ஓர் இரும்புப் பாலத்தைக் கட்டிக் கொண்டிருந்தார்கள். முதலில் 1,600 அடி என்று திட்டமிட்டுப் பிறகு நீட்டியபோது, பாலத்தின் சொந்த எடையை அதற்கேற்பத் திருத்திக் கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்டில், பாரம் தாங்கும் கீழ்க் கைகள் சில நேர்க்கோட்டிலிருந்து விலகி வளைந்திருப்பதைத் தளத்திலிருந்த பொறியாளர் அளந்து கண்டார். வந்தபோதே அவை வளைந்திருந்தனவா, பிறகு வளைந்தனவா என்று வாதம் நடந்தது. அந்த இளம் பொறியாளர் நியூயார்க்குக்குச் சென்று ஆலோசகரான தியோடர் கூப்பரிடம் நேரில் தெரிவித்தார். மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அந்தத் தடை பணியிடத்தை எட்டவில்லை. அன்று, ஆகஸ்ட் 29 ஆம் நாள் மாலை, கீழ்க் கை நெளிந்து பாலம் ஆற்றில் சரிந்தது. மாண்டவர்கள் 75 பேர். மிகப் பெரிய பாலத்தின் இரும்புக் கைக்கும் நம் வீட்டுச் சவுக்குக் கட்டைக்கும் விதி ஒன்றே. கான்கிரீட் இடும்போது ஒரு கட்டை வளைவதைக் கண்டால், ‘முடிக்கிற நேரம், இன்னும் பத்துச் சட்டிதான்’ என்று தொடராதீர்கள். ஆட்களை மேலிருந்தும் கீழிருந்தும் அப்புறப்படுத்திய பிறகே மற்றப் பேச்சு. தளத்தில் ஓரிடத்திலேயே கலவையைக் குவிக்காமல் பரப்பிக் கொண்டே போவதும் அவசியம்.

முட்டைப் பிரிக்கும் நாள் பற்றி அடிக்கடி தகராறு எழுகிறது. பலகைக்காரர் வாடகை கேட்கிறார்; அடுத்த வீட்டில் பலகை தேவைப்படுகிறது. சாதாரண போர்ட்லண்டு சிமென்டுக்கு, நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்தின் முட்டை 7 நாளுக்கு முன்பும், அதற்கு மேற்பட்ட தளத்தின் முட்டை 14 நாளுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இப்பொழுது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த போசோலானா சிமென்ட். அது தொடக்கத்தில் மெதுவாகவே வலுப்பெறும். ஆதலால் இந்த நாள்களைக் கூட்டிக் கொள்ள வேண்டுமே தவிரக் குறைக்கலாகாது. வாடகை எவ்வளவு கூடுகிறதென்று கணக்குப் பார்க்கும்போது, அந்தத் தளத்தின்கீழ் யார் படுத்துறங்கப் போகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

முடிவாக, நம் ஒன்றியத்தில் செய்யப்பட்டுள்ள ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் தவணைத் தொகை விடுவிக்கிறோம். மேற்பார்வையாளர் வருவதற்குள் வானம் மூடப்பட்டுவிட்டால், அடியில் இருப்பது கெட்டி மண்ணா கரிசலா என்று அவரால் சொல்ல இயலாது. புகைப்படத்தில் பேஸ்மட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. ஆகையால் வானம் தோண்டி முடித்ததும், கான்கிரீட் இடுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, ஊராட்சிச் செயலர் வாயிலாக அலுவலகத்துக்குத் தகவல் அனுப்புங்கள். தூண் கம்பி கட்டியதும், பலகை அடைப்பதற்கு முன் ஒரு முறை. தளத்துக்கு முட்டுக் கொடுத்ததும் ஒரு முறை. இந்த மூன்று வேளையும் மேற்பார்வையாளர் நேரில் வந்து பார்ப்பார். அவர் வரத் தாமதமானால் எனக்கு நேரடியாகச் சொல்லலாம். அதைக் குறை கூறுவதாக யாரும் எடுத்துக் கொள்ள மாட்டார்கள். இதனால் வேலை இரண்டொரு நாள் தள்ளிப்போகும் என்பது எனக்குத் தெரியும். மாத இலக்குக் கணக்கில் அது எப்படித் தோன்றும் என்பது பற்றி மேலிடத்துக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு.

இனி உதவிப் பொறியாளர் உங்களை வெளியே அழைத்துச் செல்வார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். கரிசல் எந்த இடத்தில் முடிந்து சுக்கான் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் குழியில் இறங்கிக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அதற்குப் பக்கத்தில் 3 அங்குலச் சவுக்குக் கட்டையும் 4 அங்குலச் சவுக்குக் கட்டையும் நிறுத்தி மணல் மூட்டை ஏற்றிக் காட்டப் போகிறார்கள். தாய்மார்கள் முதலில் செல்லலாம். குழந்தைகளைக் கட்டைகளுக்கு அருகில் விட வேண்டாம்.